கொட்டாங்குச்சிக் கறுப்பு

“...கரிக்கட்டை இப்படி மினுங்காது. விளக்குப் புகை இப்படி ஒட்டாது, தொட்டாக் கையோட வந்துடும். இது எனக்குத் தெரிஞ்ச கறுப்பு” என்று, பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த தன் முகத்துக்கு எதிரே நின்று சொல்லிக்கொண்டிருந்தார் எங்கள் எதிர்வீட்டு மாமா. இரண்டு எட்டுத் தள்ளி, அவர் வேலை செய்த தோல் ஷாப்பின் முதலாளி நின்றிருந்தார். இருவருக்கும் நடுவில் நான், வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் படத்தை வரைந்தவள் நான்தான்.

மாமா அடுத்து என்ன செய்தார் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லாவிட்டால் அவர் செய்தது உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வயதுக்கு வேறு என்ன அவசரம்?

உங்களில் ஆம்பூர்ப் பக்கத்து ஆட்கள் இருந்தால் ஞாபகம் இருக்கும். அப்போதெல்லாம் ரயிலில் வருகிறவர்கள் எங்கள் ஊருக்கு ஒரு மைல் முன்னாலேயே மூக்கில் துண்டை வைத்துக்கொள்வார்கள். தோல் பதனிடுகிற வாடை. எங்களுக்கு அது நாற்றமாகவே தெரியாது. வேலூருக்கோ வாலாஜாவுக்கோ கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கினால்தான், ‘என்ன இது, காற்றில் ஒன்றுமே இல்லையே’ என்று தோன்றும். அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தார். அம்மா அதே தோல் ஷாப்பில், தோலைப் பதமாக்குகிற ஆவாரம்பட்டையை இடித்தாள். “பட்டை இடிக்கிறவளுக்குப் பல்லுல கூடத் தூசு” என்பாள். சாயந்தரம் அவள் துப்பினால் எச்சில் செம்மண் நிறத்தில் இருக்கும்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்பு. அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து டிராயிங் சொல்லித்தர ஒரு டீச்சரம்மா வந்தார். அவரிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் பிஸ்கட் இல்லை, படம் போட்ட தபால் அட்டைகள். சீமையிலும் நம் நாட்டிலும் பேர் பெற்ற ஓவியர்கள் வரைந்தவை. மூலையைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும், நடுவில் விரல் படக்கூடாது. வகுப்புக்கு ஓர் ஓவியர் என்று பங்கு போட்டுக் கொடுத்தார். மூன்றாம் வகுப்புக்குச் சூரியகாந்திப் பூ வரைந்தவர். ஐந்தாம் வகுப்புக்கு ராணிகளையும் தேவிகளையும் பட்டுப்புடவை மடிப்போடு வரைந்தவர். எங்கள் வகுப்புக்கு முந்நூறு வருஷத்துக்கு முந்தி வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, என் வாயில் நுழையவில்லை. அவருடைய அட்டையில் முக்கால் பங்கு இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவரின் முகமும் இரண்டு கைகளும் மட்டும் வெளியே வந்திருந்தன. எங்களுக்கெல்லாம் அழுகையே வந்துவிட்டது. எல்லாருக்கும் பூவும் தேவியும், எங்களுக்கு மட்டும் இருட்டா?

அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே எழுதக்கூடாது என்றார் டீச்சரம்மா. அந்த ஓவியர் தன் வீட்டு மனிதர்களை எப்படிப் பார்த்தாரோ, அப்படி நாங்கள் எங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவரைப் பார்த்து எழுத வேண்டும். சாயம் கடையில் வாங்கக்கூடாது, ஊரில் கிடைப்பதில் நாமே செய்துகொள்ள வேண்டும். மாசக் கடைசியில் மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்டர் துரைசானி வந்து பார்ப்பார், நல்ல படத்துக்குப் பரிசு உண்டு. அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “இருட்டுன்னா ஒண்ணும் இல்லாத இடம்னு நினைக்காதீங்க. அதுக்குள்ள ஆள் இருக்கார். நீங்கதான் கூப்பிடணும்.”

யாரை எழுதுவது? அம்மாவைக் கேட்டேன். என் மூஞ்சியை நானே பார்த்து வருஷம் ஆச்சு, நீ எழுதி நான் பார்க்கணுமா என்று விரட்டினாள். எதிர்வீட்டு மாமாதான் ஒப்புக்கொண்டார்.

மாமா என்றால் உறவில்லை. என் அம்மாவை அவர் அக்கா என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு மாமா. முப்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதில் மாடு முட்டி மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தெருவில் அவருக்கு ‘இரும்பு மாமா’ என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதைதான் இந்தக் கதையும்.

தோல் பதம் ஆகிக் கடைசியாக இறங்குகிற இடம் கடுக்காய்த் தொட்டி. அந்த மஞ்சள் தண்ணீரில் ஊறி வந்தால்தான் தோல் வெளுத்து மெத்தென்று ஆகும். ஆனால் கடுக்காய்த் தண்ணீருக்கு இரும்பு ஆகாது. ஒரு துரு பட்டால் போதும், மையாகக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு தோலில் இறங்கினால் புள்ளி விழும். புள்ளி விழுந்த தோலைச் சீமைக்கு அனுப்ப முடியாது. அதனால் தொட்டிப் பக்கம் இரும்பே வராமல் பார்த்துக்கொள்வது மாமாவின் வேலை. கொட்டகை வாசலில் ஒரு ஓலைக்கூடை வைத்திருப்பார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் சாவி, கத்தி, ஊக்கு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். “இரும்பு இருக்குதா?” என்பதுதான் அவருடைய வணக்கம். முதலாளி வந்தாலும் அதே கேள்விதான். முதலாளி சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்துக் கூடையில் போடுவார். மாமாவின் செருப்பில்கூட ஆணி கிடையாது, வாரால் தைத்த செருப்பு. தெருவில் நடக்கும்போதும் கீழே ஆணி கிடந்தால் குனிந்து எடுத்து வேலியோரம் எறிவார். “தோலுக்குக் காது இல்ல பாப்பா. ஆனா இரும்பு வந்தா அதுக்குக் கேட்டுடும்” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் எனக்காக உட்கார்ந்தார். அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வரும், அந்த வெள்ளைக்காரர் படத்தில் இருப்பது மாதிரியே. முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“சிரிக்கலாமா பாப்பா?”

“கூடாது மாமா. அந்தப் படத்துல யாரும் சிரிக்கல.”

“ஏன், அங்கயும் முதலாளி பக்கத்துல நின்னுக்கினு இருந்தாரா?”

அத்தை, அதாவது அவர் மனைவி, சாணி தட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “இந்த மூக்குக்கு ஒரு தாள் பத்தாதுடி. ஒட்டுப் போட்டு எழுது” என்றாள்.

முகத்துக்குச் சாயம் கிடைத்துவிட்டது. ஆவாரம்பட்டைத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் நல்ல செம்பழுப்பு. வெளிச்சம் விழுகிற இடத்துக்குச் சுண்ணாம்பும் மஞ்சளும். ஈச்சங்குச்சியின் நுனியை மென்று தூரிகை செய்து, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிக்கொண்டேன். கிடைக்காதது கறுப்புதான். கரி உதிர்ந்தது. விளக்குப் புகை தண்ணீரில் மிதந்ததே தவிரக் கரையவில்லை. இருட்டு இல்லாமல் மாமாவின் முகம் சந்தையில் விற்கிற மண்பொம்மை மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவர் எப்போதும் சொல்லும் பேச்சு நினைவுக்கு வந்தது. “ஒரு ஆணி போதும். தொட்டி பூரா அமாவாசை.” எனக்கு வேண்டியது அந்த அமாவாசைதான். ஒரு நாள் கேட்டு வைத்தேன், அந்தக் கறுப்பு பட்டால் போகவே போகாதா என்று. எலுமிச்சம்பழம் தேய்த்தால் மேலே இருக்கிறது போகும், உள்ளே இறங்கினது போகாது என்றார். நான் ஏன் கேட்கிறேன் என்று அவர் யோசிக்கவில்லை. தொழிலைப் பற்றி ஒரு குழந்தை கேட்டதே அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்தில் குதிரை லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் கிடக்கும். துருவேறிய ஏழு ஆணி பொறுக்கினேன். சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். மத்தியானம் அம்மாவுக்கு ஷாப்புக்கே கூழ் கொண்டுபோவேன். கூழ்ச் சட்டியை மூடிய துணியின் முடிச்சில் ஆணிகளைக் கட்டிக்கொண்டேன்.

வாசலில் மாமா. “இன்னா பாப்பா, இரும்பு இருக்குதா?”

குழந்தைகளிடம் அதை அவர் விளையாட்டாகத்தான் கேட்பார். நான் “இல்ல மாமா” என்றேன். பெரியவர்களாக இருந்தால் மடியைத் தட்டிப் பார்ப்பார். என்னிடம் என் வார்த்தையை மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு வழி விட்டார்.

கடுக்காய்த் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, செங்கல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். மேலே ஓலைத் தட்டி மூடியிருப்பதால் குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு கொட்டாங்குச்சியில் கடுக்காய்த் தண்ணீரை மொண்டு, ஆணிகளைப் போட்டு, அந்தச் செங்கல்மேல் வைத்துவிட்டேன். வீட்டில் வைத்தால் அம்மா கொட்டிவிடுவாள் என்ற பயம்.

ஒரு வாரம் ஊறியது. நடுவில் ஒரு நாள் சாயந்தரம் போய்க் கொஞ்சம் எடுத்து வந்து, படத்தின் ஓரத்தில் ஒரு தடவை தீட்டிப் பார்த்தேன். முதலில் சாம்பல் நிறம்தான். ‘இவ்வளவுதானா’ என்று ஏமாந்து படுத்துக்கொண்டேன். காலையில் எழுந்து பார்த்தால் கண் கூசுகிற கறுப்பு. தொட்டாலும் வரவில்லை, துடைத்தாலும் வரவில்லை. நான் தூங்கும்போது அது தானாகவே கறுத்திருந்தது. அந்தச் சந்தோஷம் மாதிரி ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை. பிள்ளை பெற்றபோதுகூட இல்லை என்று சொன்னால் என் மகன் கோபித்துக்கொள்வான்.

அடுத்த சனிக்கிழமை மீதிக் கறுப்பையும் எடுத்துவிடலாம் என்று மைப்புட்டியோடு போனேன். புட்டி நிறைந்தது. கொட்டாங்குச்சியில் இன்னும் பாதி இருந்தது. அந்த நேரம் மாமா வரும் சத்தம். அவசரத்தில் கொட்டாங்குச்சியைச் செங்கல்மேல் வைத்தேன். அது சாய்ந்தது. ஆணிகளும், கிண்டுவதற்காக அதில் நட்டு வைத்திருந்த என் ஈச்சங்குச்சியுமாகத் தொட்டிக்குள் நழுவியது. சத்தம்கூட இல்லை, ஒரே ஒரு குமிழி. தட்டி நிழலில் அந்தத் தண்ணீர் எப்போதுமே இருண்டுதான் தெரியும்.

“இன்னா பாப்பா, தண்ணியில மூஞ்சி பார்க்கிறியா?”

“ஆமா மாமா.”

“நல்லாப் பாத்துக்கோ. என் மூஞ்சியை எழுதறவ உன்னுதையும் ஒரு வாட்டி எழுதணும்.” சொல்லிவிட்டுத் தட்டியை இழுத்து மூடினார். திங்கள்கிழமை இந்தத் தொட்டியில்தான் சீமைக்குப் போகிற ஆட்டுத்தோல் இறங்கப் போகிறது, எல்லாம் முதல் தரம், முதலாளி தானே பொறுக்கி எடுத்தது என்று பெருமையாகச் சொன்னார்.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நான் வெட்கப்படுகிறேன். கை நழுவினதற்கு இல்லை. ஒன்பது வயதுக் கை நழுவும். சனிக்கிழமை மத்தியானம் முதல் திங்கள்கிழமை காலை வரை எனக்கு நேரம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமா தொட்டியை இறைத்துக் கழுவிவிட்டு, என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பார். அதோடு போயிருக்கும். நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அடிப்பாள். அதைவிட, கறுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் டீச்சரம்மா படத்தை எடுத்துவிடுவார். புதன்கிழமை துரைசானி வருகிறார்.

ஞாயிறு மத்தியானம் மாமா வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். வேறு குச்சி மென்று, அந்தப் புட்டிக் கறுப்பைத் தொட்டு, அவர் தலைக்குப் பின்னால் இருட்டைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். எதிலிருந்தோ பேச்சு தோல் தூக்குவதற்கு வந்தது. “நனைஞ்ச தோலை உடனே தூக்கிடணும் பாப்பா. அப்புறம் தூக்கலாம்னு வுட்டா தண்ணி குடிச்சுக்கினே இருக்கும். ஒத்தை ஆளு தூக்கறது நாலு ஆளு தூக்கறதா ஆய்டும்.”

எனக்காகவே சொல்வது போல இருந்தது. குச்சியைக் கீழே வைத்தேன்.

“மாமா.”

“இன்னா?”

அவர் திரும்பினார். சாய்ந்த மூக்கு, எண்ணெய் வைத்த தலை, கல்யாணச் சட்டை. நான் சொன்னேன்:

“மூஞ்சியைத் திருப்பாதீங்க.”

அவர் பழையபடி வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அம்மா வந்து சொன்னாள். தொட்டியிலிருந்து எடுத்த தோலெல்லாம் அம்மை போட்ட உடம்பு மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறதாம். மாமா யாரையும் கிட்டே விடாமல் தானே தொட்டியை இறைத்துப் பார்த்தாராம். அடியில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டாராம். “ஒண்ணும் இல்லாமயா கறுக்கும்? அவன் சாவியே விழுந்திருக்கும். வெளியில சொல்ல வெக்கம்” என்றாள் அம்மா. கடைசி வரை அவளுக்கு அதே எண்ணம்தான். அந்த எண்ணத்தோடவே போய்ச் சேர்ந்தாள்.

முதலாளி இரண்டு நாள் தவணை கொடுத்தார். மாமா சந்தைக்குப் போய்க் கூடைக் கூடையாக எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். காய்கறிக்காரி, இன்னா நாயனா, ஊர் பூரா ஊறுகாய் போடறியா என்று கேட்டாளாம். அவரும் அத்தையும் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகத் தேய்த்தார்கள். பழம் நறுக்க ஆள் வேண்டும் என்று அத்தை என்னைக் கூப்பிட்டாள். போனேன். நானும் நறுக்கினேன். என் கையால் போட்ட கறுப்பைத் துடைக்க, என் கையாலேயே பழம் நறுக்கிக் கொடுத்தேன். அத்தை என் கன்னத்தைத் தடவி, பெத்த பொண்ணு மாதிரி ஒத்தாசை செய்யறே என்றாள். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை.

மேலே இருந்தது கொஞ்சம் போயிற்று. உள்ளே இறங்கினது போகவில்லை.

முதலாளி கத்தவில்லை என்று அம்மா சொன்னாள். கூடையைப் பார்த்தாராம். “இரும்பு பார்க்கத்தான் உன்னை வெச்சேன். இதுக்கு மேல நான் இன்னா சொல்றது? நாளையிலிருந்து சுண்ணாம்புல இரு” என்றாராம்.

தோல் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுண்ணாம்புக் குழி என்பது தோலின் மயிரைக் கழற்றுகிற இடம். மயிரைக் கழற்றுகிற சுண்ணாம்பு மனிதன் கையை மட்டும் விடுமா? நகம் தேயும், விரல் வெடிக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் மடியில் எப்போதும் பாதி எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். குழியிலிருந்து ஏறினதும் வெந்த விரலில் தேய்த்துக்கொள்வார்கள். எரியும், ஆனால் சுண்ணாம்பு முறியும். புதிதாக வருகிறவர்களையும் வேறு போக்கில்லாதவர்களையும்தான் அதில் இறக்குவார்கள். கடுக்காய்த் தொட்டிக்காரர் ஒருவர் சுண்ணாம்புக்கு இறங்கியதாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஓலைக்கூடை அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அத்தை அதில் கோழியை அடைத்தாள். தெருப் பையன்கள் மட்டும் பழக்கத்தில் ‘இரும்பு மாமா’ என்று கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். புதன்கிழமை வர வேண்டிய துரைசானிக்குக் காய்ச்சல் வந்து, படம் பார்ப்பது பதினைந்து நாள் தள்ளிப் போயிற்று. ஆகவே எனக்கு இன்னும் பதினைந்து நாள் கிடைத்தது. அதையும் வீணாக்கினேன். மாமாவை எதிரே பார்த்தால் பால்காரர் சந்தில் நுழைந்துவிடுவேன். ஒரு நாள் பிடித்துக்கொண்டார். படம் முடிந்துவிட்டதா, நான் வந்து பார்க்கலாமா என்று மட்டும்தான் கேட்டார். பேசும்போது கைகளைத் துண்டுக்குள் வைத்திருந்தார்.

துரைசானி வருகிறதுக்கு முந்தின நாள் டீச்சரம்மா என் படத்தை எட்டி நின்று பார்த்து, இடது மூலையில் இருட்டு போதவில்லை என்றார். புட்டியின் அடியில் இருந்ததை எடுத்துத் தீட்டினேன். முழங்கை பட்டுப் புட்டி சாய்ந்தது. மறுநாள் காலை வலது கை விரல் ஐந்தும் நகத்தடி வரைக்கும் கறுப்பு. சாம்பல், சீயக்காய், மண்ணெண்ணெய் எதற்கும் அசையவில்லை. எது அசைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அம்மாவிடம் எலுமிச்சம்பழத்தை எந்த வாயால் கேட்பது?

பரிசு எனக்குத்தான். இங்கிலீஷ் தகரப் பெட்டி, பன்னிரண்டு வில்லைச் சாயம். இடது கையால் வாங்கினேன். டீச்சரம்மா முறைத்தார். துரைசானி படத்தருகே வெகு நேரம் நின்று, இந்தக் கறுப்பு எப்படிச் செய்தது என்று கேட்டார். ரகசியமாம், பிள்ளை சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று டீச்சரம்மா சிரித்தார். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர் என்பதால் முதலாளியும் வந்திருந்தார். அவரும் சிரித்தார். நம்ம ஆளு மூஞ்சி மாதிரியே இருக்குதே என்று படத்தைப் பார்த்தார். மூக்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தத் தகரப் பெட்டி வெகு காலம் என்னிடம் இருந்தது. பதினொரு வில்லையும் தம்பி தங்கைகள் தீர்த்தார்கள். கறுப்பு வில்லையை ஒருவரும் தொட நான் விடவில்லை. கல்யாணமாகிப் பேரணாம்பட்டுக்குப் போனபோது பெட்டி எங்கே போயிற்றோ தெரியாது. நான் அதற்குப் பிறகு படம் வரையவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாமா செத்து மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். அத்தை என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கூரையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு கொட்டாங்குச்சி. ஏழு லாட ஆணி. சிவப்பு நூல் சுற்றின ஒரு ஈச்சங்குச்சி. “எவளோ சூனியம் வெச்சிருக்காம்மா. இதனாலதான் அவரு சுண்ணாம்புக்குப் போனது. எடுத்து வெச்சுக்கினு எங்கிட்டக்கூட சொல்லல. இது இன்னான்னு உனக்குத் தெரியுதா?”

ஐம்பது வயதில் நான் சொன்னேன், “தெரியாது அத்தை.”

இரண்டு பேருமாகப் போய்ப் பாலாற்று மணலில் புதைத்தோம். அத்தை மூன்று தடவை துப்பினாள்.

ஆக, ஞாயிறுதோறும் என் கையில் அந்தக் குச்சியைப் பார்த்த மாமாவுக்கு, செவ்வாய்க்கிழமை தொட்டியை இறைத்தபோதே தெரியும். நான் பழம் நறுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தபோது தெரியும். இத்தனையும் தெரிந்துதான் துரைசானி வந்த அன்றைக்குச் சுண்ணாம்புக் குழியிலிருந்து அரை நாள் கேட்டு வாங்கி, குளித்து, அதே கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முதலாளி அங்கே இருப்பார் என்பதும் தெரிந்திருக்கும். சொல்லிவிடத்தான் வந்தாரோ என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அது நியாயம். ஒரு வார்த்தையில் கூடையும் தொட்டியும் பேரும் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

படத்துக்கு எதிரே வந்து நின்றார். பிறகு இருட்டின்மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வெடித்த விரல். அப்புறம்தான், யாரையும் பார்க்காமல், கரிக்கட்டை இப்படி மினுங்காது என்று ஆரம்பித்தார்.

“இது எனக்குத் தெரிஞ்ச கறுப்பு.”

முதலாளி திரும்பினார். “இன்னாது தெரிஞ்சுது?”

மாமா என்னைக் குனிந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தாரா, பின்னால் மறைத்த கையைப் பார்த்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.

“என் மூஞ்சிதான் முதலாளி” என்றார். “தினம் பார்க்கிற கறுப்பாச்சே.”

முதலாளி சங்கடமாகச் சிரித்தார். மாமா சற்று நகர்ந்து, முதலாளிக்கு முதுகு காட்டி, எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். என் வலது கையைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தார். மடியிலிருந்து பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்தார். கட்டை விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நகமாகத் தேய்க்க ஆரம்பித்தார். சாறு வழிந்து தன் விரல் வெடிப்பில் இறங்கியபோது பல்லைக் கடித்து ஒரு முறை மூச்சை இழுத்தார். தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.